ஒப்பரேசன்ல பிறந்த பிள்ளை பிறகு மொத்தமா வருமோ? எங்கட வன்னித் தாய்மார் அடிக்கடி கேக்கிற கேள்வியள்

பிரசவ வார்ட்டிலயும் பிறகு பிள்ளையளுக்கு நிறை பாக்கிற கிளினிக்கிலயும் கனகாலம் வேலை செய்த ஆள் நான். கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, மாங்குளம், நெடுங்கேணி எண்டு எந்தப் பக்கத்துத் தாய் வந்தாலும் இப்ப இந்தக் கதைதான். சிசேரியன் செய்து பிறந்த பிள்ளை பிற்காலத்தில ஊதிப்போகுமாம், சுகர் வருமாம், யூடியூப்பில சொன்னவையாம், உண்மையோ மிஸ்ஸி எண்டு கேக்கினம். கேக்கேக்க கண் கலங்கிற பிள்ளையளும் இருக்கினம். அதாலதான் திருப்பித் திருப்பிக் கேக்கிறதை எல்லாம் ஒரு இடத்தில எழுதி வைக்கிறன்.

சுத்தி வளைக்காமல் சொல்லுங்கோ, ஒப்பரேசன் பிள்ளை குண்டாகுமா?

கட்டாயம் ஆகும் எண்டு ஒண்டும் இல்லை. ஆயிரக்கணக்கான பிள்ளையளைச் சேத்துப் பாக்கேக்க சிசேரியனில பிறந்த ஆக்களுக்குள்ள நிறை கூடினவை கொஞ்சம் கூட இருக்கினம், அது உண்மை. அந்தக் கொஞ்சம், வயித்தை வெட்டி எடுத்ததால வந்ததோ இல்லாட்டி வெட்டவேண்டி வந்த காரணத்தால வந்ததோ எண்டுறதுதான் கேள்வி. எல்லாத்தையும் வாசிச்சுப் பாத்தா கூடின பங்கு அந்தக் காரணத்திலதான் கிடக்குது எண்டுறது என்ர முடிவு, ஏன் எண்டு கீழ சொல்லுறன்.

இந்தக் கதை எங்கயிருந்து வந்தது? ஆரும் சும்மா கட்டி விட்டதோ?

இல்லை, சும்மா கட்டினது இல்லை. அமெரிக்காவில மசாசூசெட்ஸ் பக்கம் 1,255 பிள்ளையளை வயித்தில இருக்கேக்கயே தொடங்கிப் பாத்துக்கொண்டு வந்து 2012ல ஒரு ஆய்வு போட்டவை. மூண்டு வயசில சிசேரியன் பிள்ளையளில நூற்றுக்கு 15.7 பேர் உடற்பருமன், சாதாரணமாப் பிறந்ததில 7.5 பேர். பாத்தா இரண்டு மடங்கு, அதைப் பாத்திட்டுத்தான் பேப்பர்காரர் எல்லாரும் பெருசாப் போட்டது. அடுத்த வருசம் இங்கிலாந்தில ஏவன் எண்ட இடத்துப் பிள்ளையள் பத்தாயிரத்துக்கு மேல வைச்சுச் செய்ததிலயும் அதே பக்கம்தான் கணக்குப் போச்சுது.

பிறகு 2016ல அமெரிக்காவின்ர ஹாவாட் பல்கலைக்கழக ஆக்கள் வெளியிட்டதுதான் கூடப் பேசப்பட்டது. 22,000க்கு மேல பிள்ளையள், தாய்மார் எல்லாரும் நேர்ஸ்மார், பிள்ளையளை 9க்கும் 14க்கும் இடைப்பட்ட வயசில பிடிச்சு இருபது தாண்டும் வரைக்கும் பாத்தவை. சிசேரியன் ஆக்களுக்கு உடற்பருமன் வாற சந்தர்ப்பம் 15 வீதம் கூட எண்டு வந்தது. அதில ஒரு நல்ல வேலை செய்திருக்கினம், ஒரே தாயின்ர பிள்ளையளை ஒண்டோட ஒண்டு ஒப்பிட்டுப் பாத்தவை, ஏன் எண்டா ஒரே தாய் ஒரே வீடு ஒரே சட்டி. அங்கயும் வித்தியாசம் போகேல்ல, கூடித்தான் நிண்டது. இதைத்தான் சிசேரியனில பிழை எண்டு சொல்லுற ஆக்கள் பிடிச்சுக்கொண்டு நிக்கினம், அது பலமான சாட்சிதான், நான் மறைக்கேல்ல. ஆனா ஒரே தாய் எண்டாலும் முதல் பிள்ளைக்கும் மூண்டாம் பிள்ளைக்கும் நடுவில அந்தத் தாயின்ர நிறை மாறும், சுகர் வரும், வயசு போகும், அதையும் மனசில வையுங்கோ.

15 வீதம் கூட எண்டா என்ர பிள்ளை குண்டாக 15 வீதம் சான்ஸ் எண்டோ?

இல்லை இல்லை. இதிலதான் கனபேர் பிழையா விளங்கிப் பயப்பிடினம். ஒரு பேச்சுக்கு, சாதாரணமாப் பிறந்த 100 பிள்ளையளில 10 பேர் பிற்காலத்தில உடற்பருமன் ஆகினம் எண்டு வையுங்கோ. அந்தப் பத்தில 15 வீதம் கூட எண்டா பதினொண்டரை. அப்ப சிசேரியன் பிள்ளையள் 100 பேரில பதினொரு பேர், பன்னிரண்டு பேர். மிச்சம் 88 பேருக்கு மேல அப்பிடி ஆகேல்ல.

பெரிய ஆக்களா வளந்த பிறகு பாத்த கணக்கும் இருக்குது. லண்டனில 2014ல 15 ஆய்வுகளை ஒண்டாச் சேத்து 38,000 பேருக்கு மேல பாத்தவை, பி.எம்.ஐ. (உயரத்துக்கு நிறை எவ்வளவு எண்டு காட்டுற எண்) வித்தியாசம் சராசரியா 0.44. அஞ்சடி மூண்டு அங்குலம் உயரமான ஒரு ஆளுக்கு அது ஒரு கிலோ சொச்சம். தீபாவளி, பொங்கல் எண்டு வந்தா கூடிக் குறையிற அளவுதான் அது.

அப்ப சிசேரியன் இல்லாட்டி வேற என்ன காரணம்?

ஆருக்குச் சிசேரியன் செய்யினம் எண்டு முதல்ல யோசிச்சுப் பாருங்கோ. கர்ப்பத்துக்கு முதலே நிறை கூடின தாய்க்கு, கர்ப்பத்தில சுகர் வந்த தாய்க்கு, பிறசர் ஏறின தாய்க்கு, பிள்ளை நாலு கிலோவுக்குக் கிட்டப் பெருத்த தாய்க்கு, முதல் பிள்ளையே பிந்தின வயசில பெறுற தாய்க்கு. இவைக்குத்தான் ஒப்பரேசன் வாற சந்தர்ப்பம் கூட. இப்ப மற்றப் பக்கம் பாருங்கோ, தாய்க்கு நிறை கூட எண்டா, கர்ப்பத்தில சுகர் எண்டா, ஒப்பரேசன் நடந்தாலும் நடக்காட்டியும் பிள்ளைக்குப் பிற்காலத்தில நிறை கூடுற சந்தர்ப்பம் இருக்குது. பரம்பரையும் இருக்குது, வீட்டுச் சாப்பாட்டுப் பழக்கமும் இருக்குது. அப்ப ஒரே காரணம் இரண்டு பக்கத்துக்கும் வேலை செய்யுது, நடுவில நிக்கிற ஒப்பரேசன் பழியை வாங்குது.

இதைச் சரியாப் பிரிச்சுப் பாத்தது சுவீடன் ஆக்கள். அங்க 18 வயசில இராணுவத்துக்கு ஆள் எடுக்கேக்க நிறை உயரம் எல்லாம் அளந்து பதிஞ்சு வைச்சிருக்கினம், அதை எடுத்து ஏறக்குறைய 97,000 இளம்பொடியளைப் பாத்து 2020ல வெளியிட்டவை. சாதாரணப் பிறப்பில 4.9 வீதம் உடற்பருமன், திகதி குறிச்சுச் செய்த சிசேரியனில 5.5, அவசரமாச் செய்ததில 5.6. இது முதல் கணக்கு. பிறகு தாயின்ர கர்ப்பத்துக்கு முந்தின நிறை, சுகர், பிறசர், புகைக்கிற பழக்கம், படிப்பு எல்லாத்தையும் கணக்கில சேத்தாப்பிறகு அந்த வித்தியாசம் அனேகமா இல்லாமலே போட்டுது. கூடப் பங்கு தாயின்ர நிறையாலதான் விளங்கப்படுத்தலாம் எண்டு சொல்லிச்சினம். முந்தின கன ஆய்வில தாயின்ர நிறையைச் சரியாக் கணக்கெடுக்கவே இல்லை, அதுதான் குழப்பம்.

அப்ப தாயைத்தான் பிழை சொல்லுறியளோ எண்டு கேக்காதேங்கோ. பாணும் சீனித் தேத்தண்ணியும்தான் மலிவு எண்டு இருக்கிற ஊரில ஒரு பொம்பிளைக்கு நிறை கூடுறது அவவின்ர குற்றம் இல்லை.

வயித்துக் கிருமி எண்டு ஏதோ சொல்லினமே, அது என்ன?

சாதாரணமாப் பிறக்கேக்க பிள்ளை தாயின்ர பிறப்புப் பாதையால வருது, அந்த நேரம் தாயின்ர கிருமியள், குடல் கிருமியும் சேத்து, பிள்ளையின்ர வாயில உடம்பில எல்லாம் படும். இது நல்ல கிருமி, சமிபாட்டுக்கும் எதிர்ப்புச் சக்திக்கும் வேணும். சிசேரியனில அந்த வழி இல்லை. 2010ல வெனிசுவேலாவில பத்துப் பச்சைப் பிள்ளையளை வைச்சுப் பாத்தவை, சாதாரணமாப் பிறந்ததுகளில தாயின்ர பிறப்புப் பாதைக் கிருமியும் சிசேரியன் பிள்ளையளில தோலில இருக்கிற கிருமியும் மாதிரி இருந்தது. பத்துப் பிள்ளையள்தான், ஆனா அதில இருந்துதான் இந்த ஆராய்ச்சி எல்லாம் கிளம்பினது. பிறகு 2019ல இங்கிலாந்தில அறுநூறு பிள்ளையளுக்குக் கிட்ட, பீத்துணியில இருந்து மாதிரி எடுத்துப் பாத்தவை. சிசேரியன் பிள்ளையளுக்கு பக்டீரோயிடீஸ் எண்ட நல்ல கிருமி குறைவு, ஆசுப்பத்திரியில சுத்துற கிருமியள் கூட. இது சும்மா கதை இல்லை, உண்மையிலயே வித்தியாசம் இருக்குது.

இதால நிறை கூடுதோ எண்டா, எலியில எண்டா ஓம். 2017ல சிசேரியன் செய்து எடுத்த எலிக்குஞ்சுகள் வளந்தாப்பிறகு மற்றதை விட மூண்டில ஒரு பங்கு நிறை கூடிச்சுதுகள், பெண் எலியில இன்னும் கூட. மனுசரில அப்பிடி நேரா நிரூபிக்கப்படேல்ல. பிள்ளை வளர வளர, முக்கியமா பாலோட சாப்பாடும் தொடங்கினாப்பிறகு, இரண்டு பக்கத்துப் பிள்ளையளின்ர வயித்துக் கிருமியும் கிட்டக் கிட்ட வந்திடுது. அதோட தாய்ப்பாலிலயே நல்ல கிருமியும் இருக்குது, அந்தக் கிருமிக்கு வேண்டிய சாப்பாடும் இருக்குது. ஒப்பரேசன் நடந்த தாய் இந்த விசயத்தில செய்யக்கூடிய பெரிய வேலை அதுதான்.

ஒப்பரேசனுக்கு முதல் ஏத்துற அன்ரிபயோட்டிக் வேண்டாம் எண்டு சொல்லலாமோ?

தயவு செய்து சொல்லாதேங்கோ. அந்த ஒரு ஊசியால காயம் சீழ் பிடிக்கிறதும் கர்ப்பப்பையில கிருமி ஏறுறதும் பாதிக்கு மேல குறையுது. தாய் காய்ச்சலில விழுந்தா பிள்ளைக்குப் பால் குடுக்கிறதும் குழம்பும்.

தாயின்ர பிறப்புப் பாதையில துணி வைச்சு எடுத்துப் பிள்ளையைத் துடைக்கலாமாமே?

வீட்டில, வார்ட்டில நீங்களாச் செய்யவே வேண்டாம். ஆராய்ச்சிக்காக டொக்டர்மார் பாத்துப் பாத்துச் செய்யிற விசயம் அது, அமெரிக்க மகப்பேற்று டொக்டர்மாரின்ர சங்கமும் ஆராய்ச்சிக்கு வெளியால செய்யவேண்டாம் எண்டு 2017ல சொன்னது. தாய்க்குத் தெரியாமலே இருக்கிற தொற்று பச்சைப் பிள்ளைக்குப் போனா உயிருக்கே ஆபத்து.

நோ வந்து பிறகு செய்த ஒப்பரேசனும் திகதி குறிச்சுச் செய்த ஒப்பரேசனும் ஒண்டோ?

நிறையைப் பொறுத்தவரைக்கும் சுவீடன் கணக்கில பெரிய வித்தியாசம் இல்லை, 5.5உம் 5.6உம் எண்டு மேல சொன்னனான். நோ வந்து தண்ணிக்குடம் உடைஞ்சு பிறகு தியேட்டருக்குப் போற பிள்ளைக்குக் கொஞ்சம் தாயின்ர கிருமி படும், நோவோட சுரக்கிற ஹோர்மோனும் கிடைக்கும், அதால வித்தியாசம் வரும் எண்டுதான் முதல்ல நினைச்சவை. கணக்கு அதுக்கு ஒத்துவரேல்ல.

ஆனா திகதி விசயத்தில ஒண்டு சொல்லவேணும். நட்சத்திரம் பாத்து, நல்ல நேரம் பாத்து, அட்டமி நவமி விலத்தி, ரெண்டு கிழமை முன்னுக்கு எடுத்துத் தாங்கோ எண்டு டொக்டரை நெருக்கிற குடும்பங்கள் இருக்கினம். வேற அவசரம் இல்லாட்டி 39 கிழமை முடிய முதல் எடுக்கிறது நல்லம் இல்லை, பிள்ளைக்கு மூச்செடுக்கக் கஷ்டம் வந்து குழந்தைகள் பிரிவுக்குப் போகும், தாய் ஒரு இடம் பிள்ளை ஒரு இடம், பால் குடுக்கிறதும் பிந்தும். 39 முடிஞ்சாப்பிறகு டொக்டர் தாற நாளுகளுக்குள்ள நல்ல நாள் பாருங்கோ, ஆர் வேண்டாம் எண்டது.

மாமி ஒவ்வொரு நாளும் சொல்லிக் காட்டுறா, நோவைத் தாங்கியிருந்தா பிள்ளைக்கு இந்த நிலைமை இல்லையாம். நான் என்ன சொல்ல?

தங்கச்சி, முதல்ல உங்களுக்குச் சொல்லுறன், நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்ல. பிள்ளையின்ர இதயத்துடிப்பு விழுந்தது, பிள்ளை இறங்கேல்ல, நச்சுக்கொடி வழியை மறிச்சுக்கொண்டு கிடந்தது, பிறசர் ஏறி வலிப்பு வரப் பாத்தது, இப்பிடி ஏதோ ஒரு காரணத்தாலதான் டொக்டர் கத்தியை எடுத்தவர். அந்தக் காரணம் உங்கட டிஸ்சார்ஜ் துண்டில எழுதிக் கிடக்கும், எடுத்து மிட்வைஃப் அக்காவிட்டக் குடுத்து அதை மாமிக்கு முன்னால வாசிச்சு விளங்கப்படுத்தச் சொல்லுங்கோ. அவா வீட்டுக்கு வாறவாதானே. வெள்ளைச் சட்டை போட்டு வந்து சொன்னா மாமிமார் கேப்பினம், நான் கண்டனான்.

இலங்கையில இப்ப மூண்டு பிறப்பில ஒண்டுக்கு மேல சிசேரியன்தான். உலகத்தில அஞ்சில ஒண்டுக்கு மேல எண்டு உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்னது. தேவையில்லாமல் செய்யிறதும் அதுக்குள்ள இருக்குது, அது கவலைப்படவேண்டிய விசயம், ஆனா அது டொக்டர்மாரும் அரசாங்கமும் பேசவேண்டிய கதை. மாமிமாருக்கும் ஒண்டு. சண்டைக் காலத்தில ஒப்பரேசன் வசதி இல்லாமல், ரோட்டு மூடிக் கிடந்து, உழவு மெசினில ஏத்திக்கொண்டு போகேக்க வழியில தாயும் பிள்ளையும் போன கதை எங்கட எந்த ஊரிலயும் ஒண்டு இருக்குது. அதைக் கண்ட சனம் நாங்கள், ஒப்பரேசனைப் பழிக்கக்கூடாது.

ஒப்பரேசன் செய்தா பால் வராதாமே? முதல் நாள் பால்மா குடுத்தாத்தான் பிள்ளை தப்புமாம்.

பால் வரும். சிசேரியனுக்குப் பிறகு பால் நல்லா இறங்கிறது சிலருக்கு ஒரு நாள் ரெண்டு நாள் பிந்தும், அவ்வளவுதான். முதல் வாறது மஞ்சளாத் தடிப்பா கொஞ்சமா வாற பால், சொட்டுச் சொட்டாத்தான் வரும், பச்சைப் பிள்ளையின்ர வயிறும் அவ்வளவு சின்னன், அது காணும்.

தியேட்டரால வந்த முதல் இரவு எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும். முதுகில போட்ட ஊசி விடத் தொடங்கும், கையில சேலைன் ஊசி, சிறுநீர்க் குழாய், திரும்பினா தையல் இழுக்கும், பிள்ளை கத்துது, எழும்பி இருக்க ஏலாது. எழும்ப வேண்டாம். ஒருக்களிச்சுப் படுங்கோ, முதுகுக்கு ஒரு தலையணி, முழங்காலுக்கு நடுவில ஒரு தலையணி. பிள்ளையைத் தூக்கி வைக்கிறது மற்ற ஆளின்ர வேலை, அம்மாவோ மிஸ்ஸியோ பிள்ளையின்ர வயிறு உங்கட வயித்தைப் பாத்த மாதிரித் திருப்பி மூக்கு முலைக்காம்புக்கு நேர வைக்கவேணும். வாய் ஆவெண்டு திறக்கும் வரைக்கும் பாத்திருங்கோ, திறந்த உடன பிள்ளையைக் கிட்ட எடுங்கோ, காம்பு மட்டும் இல்லை கறுப்பு வட்டமும் வாய்க்குள்ள போகவேணும், நாடி முலையில முட்டவேணும். சரியாப் பிடிச்சா நோகாது, நொந்தா சின்ன விரலை வாய் ஓரத்தால விட்டுக் கழட்டிப்போட்டுத் திருப்பி வையுங்கோ. அடுத்த நாள் இருக்க ஏலுமெண்டா பிள்ளையைக் கமக்கட்டுக்குக் கீழால, கால் பின்பக்கம் போற மாதிரிப் பிடிச்சா தையலில முட்டாது.

நிறைக் கதைக்கும் இதுக்கும் என்ன தொடர்பு எண்டா, தாய்ப்பால் குடிச்ச பிள்ளையளுக்குப் பிற்காலத்தில நிறை கூடுறது குறைவு எண்டு கன ஆய்வு காட்டுது. ஒப்பரேசன் பிள்ளையளுக்குப் பால் தொடங்கிறது பிந்தி, பால்மா உள்ளுக்கு வந்து, அதால தாய்ப்பால் குறைஞ்சு போறதும் அந்த வித்தியாசத்தின்ர ஒரு துண்டா இருக்கலாம். ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும், பிறகு சாப்பாட்டோட ரெண்டு வயசு வரைக்கும். டொக்டர் எழுதித் தராமல் பால்மா வாங்காதேங்கோ. எழுதித் தந்தா பயப்பிடாமக் குடுங்கோ, சில பிள்ளைக்கு அது தேவைதான்.

எங்கட பிள்ளையள் மெலிஞ்சுதானே கிடக்குதுகள், இங்க போய் குண்டைப் பற்றிக் கதைக்கிறது தேவையோ?

நல்ல கேள்வி, இதைக் கேக்கிற ஆக்கள் குறைவு. 2016ல நாடு முழுக்க எடுத்த கணக்கில அஞ்சு வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையளில உயரத்துக்கு நிறை காணாததுகள் 15 வீதம், நிறை கூடினதுகள் 2 வீதம். எங்கட பக்கம் நிறை பாக்கிற நாளில தராசில தூக்கிப் போட்டா கூடவும் பாக்கிறது மெலிவைத்தான். அப்ப ஒப்பரேசன் பிள்ளை ஊதிப்போகும் எண்டு பயந்து சாப்பாட்டைக் குறைக்கிறது பெரிய அநியாயம். ஒரு தாய் அப்பிடிச் செய்தவா. எட்டு மாசப் பிள்ளை, கிளினிக் கொப்பியில புள்ளி நாலு மாசமா நேர் கோட்டில படுத்துக் கிடந்தது, மேல ஏறேல்ல. என்ன குடுக்கிறனீங்கள் எண்டு கேட்டா கஞ்சித் தண்ணியாம், தேங்காய்ப்பால் விடேல்லையாம், முட்டை குடுக்கேல்லையாம், ஏன் எண்டா சிசேரியன் பிள்ளையாம். முட்டை மஞ்சளும் பருப்பும் ஒரு கரண்டி எண்ணெயும் சேத்து மசிச்சுக் குடுக்கத் தொடங்கினாப்பிறகு புள்ளி திருப்பி ஏறினது.

அதுக்காக நிறை கூடுறது எங்களுக்கு வராது எண்டும் நினைக்காதேங்கோ. பள்ளிக்கூட வயசிலயும் வளந்தாப்பிறகும்தான் எங்கட ஆக்களுக்கு ஏறுறது. அதுவும் எங்கட உடம்பு வாகுக்கு, பாக்க மெலிவு, வயித்துக்குள்ள கொழுப்பு. ஆசிய ஆக்களுக்கு பி.எம்.ஐ. 23 தாண்டினாலே கவனம் எண்டு சொல்லுறது அதாலதான்.

எப்ப உண்மையிலயே யோசிக்கவேணும்?

கண்ணால பாத்து முடிவெடுக்காதேங்கோ, கன்னம் உப்பினது கணக்கில்லை. கிளினிக் கொப்பியில வயசுக்கேத்த நிறை எண்டு ஒரு கோட்டுப்படம், உயரத்துக்கேத்த நிறை எண்டு இன்னொண்டு இருக்குது. மெலிவோ தடிப்போ எண்டு ரெண்டாவதைப் பாத்துத்தான் சொல்லுறது. அதில புள்ளி மேல் எல்லைக் கோட்டைத் தாண்டினா, இல்லாட்டி ஒரு கோட்டில போய்க்கொண்டிருந்த பிள்ளை விறுவிறெண்டு அடுத்த கோட்டையும் தாண்டி ஏறினா, எம்.ஓ.எச். (உங்கட பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி) டொக்டரிட்டக் காட்டுங்கோ. ஒப்பரேசன் பிள்ளைக்கு எண்டு தனி எல்லை கிடையாது.

ஆறு மாசத்துக்குப் பிறகு என்ன குடுக்க?

எல்லாப் பிள்ளைக்கும் குடுக்கிறதுதான். மசிச்ச சோறில தொடங்கி பருப்பு, மரக்கறி, முருங்கையிலை, முட்டை, குளத்து மீன் முள்ளு எடுத்து, கோழி ஈரல், பழம். ஒரு வயசு வரைக்கும் உப்பும் சீனியும் சேக்க வேண்டாம். பிறகும் கடைச் சாமான் விசயத்திலதான் கவனம். பக்கற்றுத் தீனும் ஜூஸ் பைக்கற்றும் கிறீம் பிஸ்கற்றும் அழுகையை நிப்பாட்டுற மருந்தில்லை. வீட்டில பயறு கௌபி அவிக்கலாம், குரக்கன் பிட்டு அவிக்கலாம், சீசனில பாலைப்பழம் விளாம்பழம் கிடைக்குது. சாப்பாடு தீத்தேக்க போனைக் குடுக்கிற பழக்கத்தையும் விடுங்கோ. ரெண்டு வயசுக்குக் கீழ ரீவி போன் ஒண்டுமே வேண்டாம், ரெண்டு வயசில இருந்து நாலு வரைக்கும் நாளுக்கு ஒரு மணித்தியாலம்தான் கடைசி எண்டு உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது.

எனக்குச் சண்டை முடிஞ்ச 2009ல பிறந்த பிள்ளை. வயித்தில இருக்கேக்க நான் கஞ்சியும் இல்லாமக் கிடந்தனான். அதால அவனுக்கு நிறைப் பிரச்சினை வருமோ?

இதைக் கேக்கிற தாய்க்குப் பதில் சொல்லுறது லேசில்லை, ஆனா இதுக்கு ஒரு ஆய்வு இருக்குது. ரெண்டாம் உலகப்போர் முடியிற நேரம், 1944-45 மாரியில நெதர்லாந்தின்ர மேற்குப் பக்கத்தில சாப்பாடு போகாமல் மறிச்சுச் சனம் பட்டினி கிடந்தது. அந்த நேரம் வயித்தில இருந்த பிள்ளையள் 19 வயசில இராணுவத்துக்கு வரேக்க, மூண்டு லட்சம் பேரின்ர கணக்கை எடுத்துப் பாத்து 1976ல வெளியிட்டவை. கர்ப்பத்தின்ர முதல் பாதியில தாய் பட்டினி கிடந்தவைக்கு உடற்பருமன் கூட. கடைசி மாசங்களிலயும் பிறந்த உடனயும் பட்டினி பட்டவைக்குக் குறைவு. அப்ப வயித்துக்குள்ள நடக்கிறது பிற்கால நிறையைத் தொடுது, பிறந்த வழியை விட அது கூடவாத் தொடும் எண்டுதான் எனக்குப் படுது.

2009ல பிறந்த எங்கட பிள்ளையள் இப்ப வளந்த பொடி பெட்டையள். எல்லாருக்கும் வரும் எண்டு இல்லை. வருசத்துக்கு ஒருக்கா நிறை, இடுப்புச் சுற்று, பிறசர், சுகர் பாத்து வையுங்கோ. வயித்தில பட்டினி கிடந்த உடம்பு பிறகு கெதியா நிறை ஏறினா சுகர் வாற சந்தர்ப்பம் கூட, அதால இந்தப் பிள்ளையளுக்கு மற்ற ஆக்களை விட ஒருபடி கூடக் கவனம் வேணும். சாப்பாடு இல்லாமல் வளத்த கவலையில இப்ப கேட்டது எல்லாம் வாங்கிக் குடுக்கிற அம்மாமாரை எனக்குத் தெரியும், அந்த மனசு விளங்குது. வாங்கிக் குடுங்கோ, ஆனா சோடாவும் றோல்ஸும் ஒவ்வொரு நாளும் வேண்டாம்.

அடுத்த பிள்ளையைச் சாதாரணமாப் பெறலாமோ? அப்பிடிப் பெத்தா நிறை குறையுமோ?

முதல் ஒப்பரேசன் ஒண்டுதான், வெட்டு கர்ப்பப்பையின்ர கீழ்ப்பக்கம் குறுக்கால போட்டது, இந்த முறை வேற சிக்கல் இல்லை எண்டா கனபேருக்கு ஏலும். முயற்சி செய்யிற நாலு பேரில மூண்டு பேருக்குக் கிட்ட சரிவரும், முந்தி ஒருக்கா சாதாரணமாப் பெத்தவைக்கு இன்னும் கூட. ஆபத்து என்னவெண்டா கர்ப்பப்பையில போட்ட பழைய தையல் பிரியிறது, 200 பேரில ஒராளுக்கு. அது நடந்தா நிமிசக் கணக்கில ஒப்பரேசன் செய்யவேணும், அதால தியேட்டரும் இரத்தமும் டொக்டரும் 24 மணித்தியாலமும் நிக்கிற பெரிய ஆசுப்பத்திரியிலதான் நோ எடுக்கலாம். துணுக்காய் மல்லாவி உள்ளுக்கு இருக்கிற ஆக்கள் நோ வந்தாப்பிறகு வாகனம் தேடாமல், முதலே வந்து வார்ட்டில நில்லுங்கோ.

ஹாவாட் கணக்கில முதல் சிசேரியனுக்குப் பிறகு சாதாரணமாப் பிறந்த பிள்ளையளுக்கு, திருப்பியும் சிசேரியனில பிறந்தவையை விட உடற்பருமன் 31 வீதம் குறைவு எண்டு வந்தது. ஆனா பிள்ளையின்ர நிறையை நினைச்சு இந்த முடிவை எடுக்காதேங்கோ, உங்கட உயிரையும் பிள்ளையின்ர உயிரையும் வைச்சு டொக்டரோட கதைச்சு எடுங்கோ.

பிள்ளையை விடுங்கோ, எனக்குத்தான் ஒப்பரேசனுக்குப் பிறகு வயிறு போட்டுது. ஊசி போட்டதாலயோ?

முதுகு ஊசியால நிறை ஏறாது. கர்ப்பத்தில ஏறின நிறை இறங்காமல் நிக்கிறதும், வயித்துத் தசை விலகி நிக்கிறதும், தையலுக்கு மேல தோல் மடிஞ்சு தொங்கிறதும்தான் வயிறு மாதிரித் தெரியுது. தசை விலகிறது சாதாரணப் பிரசவத்திலயும் வரும்.

எங்கட வீட்டுப் பழக்கத்தையும் பாருங்கோ. பிள்ளை பிறந்து 31ஆம் நாள் கழியும் வரைக்கும் அறைக்குள்ள, அசையவிடாயினம், சரக்குக் கறியும் நல்லெண்ணெயும் மூண்டு நேரமும் குவிச்ச சோறும், பிள்ளைக்கும் சேத்து ரெண்டு பேருக்குச் சாப்பிடு எண்டு. சரக்குக் கறி நல்ல சாமான், அதை விடச் சொல்லேல்ல. பால் குடுக்கிற தாய்க்கு மேலதிகமா வேணும்தான், ஆனா ஒரு சின்ன நேரச் சாப்பாட்டு அளவு, இன்னொரு ஆளின்ர கோப்பை இல்லை. தண்ணி குடிச்சா தையல் சீழ் பிடிக்கும் எண்டு தண்ணியை மறிக்கிறது சுத்தப் பிழை, தாகத்துக்கு நல்லாக் குடியுங்கோ. அடுத்த நாளே மெல்ல எழும்பி நடக்கவேணும், காலில இரத்தம் கட்டாமல் இருக்க. ஆறு கிழமைக்குப் பிறகு கிளினிக்கில காட்டி விறுவிறெண்டு நடக்கத் தொடங்கலாம். வயித்தைத் துணியால கட்டுறது நோவுக்கு ஆறுதல், கொழுப்பைக் கரைக்காது.

கர்ப்பத்தில சுகர் இருந்த தாய்மார் கட்டாயம் ஆறு கிழமையில குளுக்கோஸ் குடிச்சு இரத்தம் பாருங்கோ. பிள்ளை பிறந்த உடன சுகர் இறங்கிடும், சரியாப்போட்டுது எண்டு விடுற ஆக்கள்தான் கூட. பிற்காலத்தில நிரந்தரமாச் சுகர் வாற சந்தர்ப்பம் அவைக்குப் பல மடங்கு. அடுத்த பிள்ளைக்கு முதல் உங்கட நிறையைக் குறைக்க ஏலுமெண்டா, சுவீடன் கணக்குப்படி பாத்தா, அந்தப் பிள்ளையின்ர நிறைக்கும் நீங்கள் செய்யிற பெரிய உதவி அதுதான்.

என்ர மகனுக்குப் பத்து வயசு, சிசேரியன், ஏற்கெனவே நிறை கூட. இனி என்ன செய்ய?

பிறந்த வழியை மாத்த ஏலாது, மிச்சம் எல்லாம் மாத்தலாம். வளர்ற பிள்ளைக்குப் பட்டினி போடுறதில்லை, கனபேருக்கு நிறை கூடாமல் அப்பிடியே நிண்டாலே காணும், உயரம் ஏற ஏற உடம்பு சரியா வந்திடும். முதல்ல குடிக்கிற சீனியை நிப்பாட்டுங்கோ, சோடா, ஜூஸ், ரெண்டு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி. சோத்தில ஒரு அகப்பையைக் குறைச்சு கறியைக் கூட்டுங்கோ. நாளுக்கு ஒரு மணித்தியாலமாவது ஓடி விளையாடவேணும், ரியூசனுக்கு மோட்டச்சைக்கிளில கொண்டுபோய் விடாமல் சைக்கிளில விடுங்கோ. இது வீட்டில எல்லாருக்கும் ஒரே சட்டம் எண்டாத்தான் நடக்கும், அப்பா சோடா குடிச்சுக்கொண்டு மகனைக் குடிக்காத எண்டு சொல்ல ஏலாது. அவனைக் குண்டன், மொத்தம் எண்டு பகிடிக்கும் கூப்பிட வேண்டாம், சொந்தக்காரரையும் கூப்பிட விடாதேங்கோ, அந்தப் பேர் கேட்ட பிள்ளை ஒளிச்சிருந்து சாப்பிடத் தொடங்கும்.

கழுத்துப் பின்பக்கம் கறுத்துத் தடிச்சு வெல்வெட் மாதிரி வந்தா, இரவில குறட்டை விட்டு மூச்சு நிண்டு நிண்டு வந்தா, அடிக்கடி தண்ணி விடாய்ச்சு சலம் போனா, பாத்துக்கொண்டு இராமல் அந்தக் கிழமையே டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ. போகேக்க பழைய கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு போங்கோ, பிறந்த நிறையும் எந்த வயசில நிறை ஏறத் தொடங்கினது எண்டும் அதில கிடக்கும், டொக்டருக்கு அது உதவும்.